தோத்திரம் என்றால் அரிசி

நவம்பர் 5, ஞாயிறு

அறிவிப்பு வாசிக்க ஆரம்பித்தபோதே ஆயர் எதையோ மென்று முழுங்குகிறார் என்று தெரிந்துவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டார். எங்கள் சபையில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. கிழடுகள் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம், இளசுகள் பெங்களூருக்குப் போகின்றன. அவர் ஒரே ஆள், மூன்று ஊர் ஆலயங்களைப் பார்க்க வேண்டும். புத்தாண்டுக்குள் சபை பெருகாவிட்டால், பிப்ரவரியிலிருந்து இங்கே மாதத்துக்கு ஒரே ஆராதனைதான். மற்ற ஞாயிறுகளில் எல்லோரும் டவுன் ஆலயத்துக்கு வந்துவிட வேண்டியது. "பஸ்ஸுதான் இருக்குதுங்களே" என்றார்.

பஸ் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்காக மட்டும் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இது சபை முழுவதற்குமான கஷ்டம்.

இவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. பாடகர் குழுவில் கீழ்க்குரலில் பாடிக்கொண்டிருந்த எலியேசர், இப்போது வீட்டில் "ம்" என்பதோடு சரி. ஆனால் ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது மட்டும் வாய் திறந்துகொள்கிறது. ஆமென் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார். மனப்பாடமானது மூளையில் வேறு இடத்தில் இருக்கும், கூட்டத்தோடு சொன்னால் வரும், விடாமல் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். வீட்டில் நான் ஒருத்தியாகச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அதனால் அந்த ஜெபத்தின்போது நான் கண்ணை மூடுவதில்லை. வாரத்தில் எனக்கு இவர் குரல் கேட்பது அப்போது மட்டும்தான்.

வாசலில் நின்று புதியவர்களை வரவேற்கும் ஊழியத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். "அக்கா போஸ்டாபீஸ்ல இருந்தவங்க, ஊர்ல அவங்களுக்குத் தெரியாத மூஞ்சி இல்லைங்க" என்று சபைச் செயலர் முன்மொழிந்தார். பெயிண்ட் கடை தேவசகாயம். தன்னால் முடியாத எல்லாவற்றையும் அடுத்தவருக்கு முன்மொழிகிற மனுஷன். எனக்கு முகத்தில் சிரிப்பு தங்காது என்று ஊருக்கே தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நவம்பர் 6, திங்கள்

கேஸ் வந்தது. இவருக்கு நகம் வெட்டினேன். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். பல்வலிக்காரி போலிருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பிரசங்கத்தில் பாதி வெடிச் சத்தத்தில் போயிற்று. பெரிய நஷ்டமில்லை.

முதல் மணி அடித்த பிறகு கேட்டுக்கு வெளியே ஒரு கும்பல் தயங்கி நின்றது. பைபாஸ் ஓரத்து நூல் மில்லில் வேலை செய்கிற வடக்கத்தி ஆட்கள். மில்லுக்கு இன்று லீவு. ஆண்களும் பெண்களுமாக, தலை படிய வாரி, துணி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குதூகலம்தான். இத்தனை பேர் ஒரே நாளில் வந்தால் ஆயர் என்ன சொல்ல முடியும்? கையைக் கூப்பி, பழகி வைத்திருந்த சிரிப்பையும் போட்டு, "தோத்திரம், வாங்கோ" என்றேன்.

முன்னால் வந்த பெண் என் எதிரே நின்று வலது கையை நீட்டினாள். "யேசு சகாய்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கால் வைப்பதற்கு முன்பே சகாயமா? அதுவும் இயேசுவின் பேரைச் சொல்லி, கையை நீட்டி. அவளுக்குப் பின்னால் வந்த நெட்டை ஆளும் கையை நீட்டி அதையே சொன்னான். அதற்கடுத்தவளும். நான் அவசரமாக, "தோத்திரம், தோத்திரம். இருங்க, ஆராதனை முடியட்டும்" என்று சைகை காட்டி உள்ளே அனுப்பினேன். அந்தப் பெண்ணின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கியது.

கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் இவருடைய நாற்காலி. இவரிடமும் கையை நீட்டினார்கள். இவரிடம் கேட்டு என்ன கிடைக்கப் போகிறது? இவர் பாட்டுக்கு இடக்கையை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். யார் கையை நீட்டினாலும் இவருக்குச் சந்தோஷம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நன்றாகப் பாடுகிறார்கள். பாட்டின் ராகம் இரு பக்கத்துக்கும் தெரிந்ததாக இருந்தது. நாங்கள் தமிழில் பாட, அவர்கள் தங்கள் பாஷையில் பாடினார்கள். அந்த நெட்டை ஆள் இவருக்கு நேர் பின்னால் நின்று கீழ்க்குரலில் பாடினான். இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முடிந்ததும் கைப்பையைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனேன். கேட்டவர்கள் எதையும் வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டிருந்தார்கள்.

நவம்பர் 14, செவ்வாய்

தேவசகாயம் போன் செய்தார்.

"அக்கா, அந்த இந்திக்காரங்களுக்கு என்ன வேணுமாமா?"

"சகாயம் கேக்கறாங்க தம்பி. வாசல்லயே கையை நீட்டிப்போட்டாங்க."

"நான் அப்பவே நெனச்சனுங்க. இதுகள எல்லாம் சபைக் கணக்குல சேக்க முடியாதுங்க்கா. விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு மூட்டையக் கட்டிருவாங்க."

"ஒறம்பரைன்னா சோறு போடோணும் இல்லீங்களா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பொட்டலம் அரிசி என்று முடிவானது. அரிசி என் வீட்டிலிருந்து, பாலிதீன் கவர் அவர் கடையிலிருந்து. அவர் முடிவு எடுத்தால் இப்படித்தான் அமையும்.

நவம்பர் 19, ஞாயிறு

மறுபடி வந்தார்கள். போன வாரத்தைவிட அதிகம் பேர். அந்தப் பெண்ணின் பெயர் எலிஸ்பா, நெட்டை ஆள் அவள் புருஷன் பவுலுஸ். நம் பவுல்தான், கடைசியில் ஒரு 'உஸ்' சேர்த்திருக்கிறார்கள். இருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தமிழ் வருகிறது, மில் தமிழ்.

அவள் கையை நீட்டி "யேசு சகாய்" என்றாள். நான் "தோத்திரம்" என்று அரிசிப் பொட்டலத்தை அந்தக் கையில் வைத்தேன். திகைத்துப் போய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லோருக்கும் அப்படியே, ஒரு தோத்திரம், ஒரு பொட்டலம். போஸ்டாபீஸ் வேலை மாதிரி வரிசை மளமளவென்று நகர்ந்தது. எனக்கே என் மேல் மெச்சுதலாக இருந்தது.

காணிக்கை நேரத்தில் அத்தனை பேரும் எழுந்தார்கள். வரிசையாக முன்னால் போய், பீடத்துக்குக் கீழே அரிசிப் பொட்டலங்களை வைத்துவிட்டு, தலை குனிந்து ஜெபித்து, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆயருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆசீர்வதித்துவிட்டார்.

இவர்களுக்கு என்னதான் வேண்டும்?

நவம்பர் 21, செவ்வாய்

"ரேசன் அரிசின்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ" என்கிறார் தேவசகாயம். பொன்னி அரிசி. அவர் நாக்கின் நீளத்தை ஒரு குச்சி வைத்து அளக்க வேண்டும்.

அடுத்த வாரம் துணி கொடுத்துப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். பீரோவைக் கலைத்தேன். என் மாம்பழ நிறச் சேலை, இரண்டு முறைதான் கட்டியது. இவருடைய முழுக்கைச் சட்டைகளையும் எடுத்து வைத்தேன். பொத்தான் போட்டுவிட அரைக்கைச் சட்டைதான் வசதி. முழுக்கைச் சட்டைகளை எடுக்கும்போது இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒன்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தேவசகாயம் மைக்கைப் பிடித்தார். வட மாநிலத் தொழிலாளச் சகோதரர்களுக்கு நம் சபையின் அன்பளிப்பு என்று அறிவித்தார். அவர்களை முன்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். புதிதாக வந்தவர்களை எழுப்பி அறிமுகம் செய்கிறார்கள் என்று நினைத்தார்கள் போல, சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். பவுலுஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். எலிஸ்பா பெயர் சொல்லத் தயாராக நின்றாள். நான் துணியைக் கொடுக்கக் கொடுக்க, தேவசகாயம் செல்போனில் படம் எடுத்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. துணிய மேல தூக்கிப் புடிங்க."

வரிசையில் பாதி போவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பவுலுஸ் எலிஸ்பாவிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் என் மாம்பழ நிறச் சேலையைப் பிரிக்காமல், மடிப்பை இன்னும் நன்றாக நீவி, முதல் பெஞ்சின் மேல் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். வெளியே போகும்போது இவருக்கு மட்டும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கட்டிய சேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது. புதுசு கொடுத்தால் வாங்கியிருப்பார்கள். ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

நவம்பர் 28, செவ்வாய்

உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. மிச்சக் குழம்பை இன்று ஊற்றிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

அவர்கள் யாரும் வரவில்லை. மழை வேறு. நம் ஆட்களிலும் பாதி இல்லை. வாசலில் குடையோடு நின்று நின்று என் கால்தான் நனைந்தது.

பரமண்டல ஜெபம் வந்தது. ஆயர் தொடங்கினார், அங்கொன்று இங்கொன்றாகக் குரல்கள் சேர்ந்தன. இவர் சேரவில்லை. கழுத்தைத் திருப்பிக் காலியாகக் கிடந்த பின் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து காதருகே சத்தமாகச் சொன்னேன். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. ஆமென் தாண்டியும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். முன் பெஞ்சில் திரும்பிப் பார்த்தார்கள்.

பயமாக இருக்கிறது. இதை வேறு எங்கே எழுதுவது? சபைக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஒரே ஆராதனை என்றால் இவர் குரலும் மாதத்துக்கு ஒரு முறைதான். இன்றுபோல் அதுவும் வராமல் போய்விட்டால், பிறகு நான் யாரோடு இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 6, புதன்

இன்று மில்லுக்குப் போனேன். விடிந்ததும் கடைவீதிக்குப் போய் ஒரு புதுச் சேலை எடுத்தேன். இவருக்குச் சாப்பாடு கொடுத்து, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்தேன். கையில் கொடுத்து, மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று கேட்பதாகத் திட்டம்.

ஷிப்ட் மாறுகிற நேரம். கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றேன். தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு கூட்டம் வெளியே வந்தது, இன்னொரு கூட்டம் உள்ளே போனது. வெளியே வந்த ஒருவன் உள்ளே போகிற ஒருவனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"யேசு சகாய்."

அவனும் கையை நீட்டினான். "யேசு சகாய்."

இரண்டு பேரும் கையைக் குலுக்கிவிட்டு அவரவர் வழியில் போனார்கள். அடுத்து இரண்டு பெண்கள். அதேபோல் கையை நீட்டி, அதையே சொல்லி, சிரித்துக்கொண்டே போனார்கள். ஒருத்தரிடம் ஒருத்தர் சகாயம் கேட்பார்களா என்ன? யார் யாருக்குக் கொடுப்பது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டேன். பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தேன். அதற்குள் எலிஸ்பா பார்த்துவிட்டாள். "அக்கா" என்றாள். கையை நீட்டவில்லை. கூப்பினாள், நாங்கள் செய்கிற மாதிரி. அது எனக்குச் சுருக்கென்றது.

பின்னால் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். ஒன்றுக்குள் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீரும் ஒரு தட்டும் கொண்டுவந்து, என் இரண்டு கைகளையும் தட்டுக்கு மேல் பிடித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். துவாலையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். அவர்கள் ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் இதுதானாம். நான் வாசலில் நின்று வரவேற்ற லட்சணத்தை நினைத்துக்கொண்டேன்.

"எலிஸ்பா, யேசு சகாய்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"சர்ச் ஆளு பாத்தா சொல்றது அக்கா. காலைல, சாயங்காலம், எப்ப பாத்தாலும். நீங்க தோத்திரம் சொல்லுது இல்ல?" என்று நிறுத்திவிட்டு, பவுலுஸைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். "முதல்ல எங்களுக்கு அது தெரியல அக்கா. நாங்க நினைச்சது, தோத்திரம்னா அரிசி."

"அரிசியா?"

"நீங்க தோத்திரம் தோத்திரம் சொல்லுது, இருங்க சொல்லுது. அடுத்த வாரம் தோத்திரம் சொல்லி அரிசி குடுக்குது. எங்க ஊர்ல சர்ச்சுக்கு எல்லா வீட்லயும் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும். ஞாயிறு கொண்டுபோய் குடுக்கும். இங்கயும் அதே பழக்கம், அரிசி எடுத்து வராத ஆளுக்கு அக்காவே குடுக்குதுன்னு சந்தோசம்."

நான் சிரித்துவிட்டேன். நான் சகாயம் என்று நினைத்ததை அவர்கள் தோத்திரமாகச் சொல்ல, நான் சொன்ன தோத்திரத்தை அவர்கள் அரிசியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எலிஸ்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பவுலுஸ் சிரிக்கவில்லை.

"அப்புறம் சேலை, போட்டோ" என்றான். "அப்ப புரிஞ்சது. எங்கள பிச்சைக்காரன் நினைக்குது. சர்ச்சுல அப்படி நிக்க முடியாதுங்க."

"முடியாது தம்பி. நிக்கவும் கூடாது" என்றேன். "தப்பு எங்க மேல. மன்னிச்சுக்கோணும்." இந்த மாதிரி ஒரு வார்த்தை நான் கவுண்டரில் உட்கார்ந்த காலம் முழுக்கச் சொன்னதில்லை. அவன் எழுந்து போய்ச் சூடாக டீ கொண்டுவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று கேட்டேன். இந்த மாதம் பாதிப் பேருக்கு ஞாயிறு காலை ஷிப்ட், மத்தியானம்தான் விடுவார்கள் என்றாள் எலிஸ்பா. வர மாட்டோம் என்று சொல்லவில்லை. வருகிறோம் என்றும் சொல்லவில்லை.

கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த சேலைப் பையை, கொடுக்காமலே ஞாபகமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் என் முன்னால் இடக்கையை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு குறும்பு. முதல் நாளே இவருக்குத் தெரிந்திருக்கிறது. கையை நீட்டினால் கையைக் கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்காவது தெரிந்திருக்கிறது. சந்தோஷத்தில் கையைக் கொடுக்கிறார் என்று எழுதினேனே, என் புத்தியை என்ன சொல்வது.

டிசம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயரையும் தேவசகாயத்தையும் பிடித்து வைத்து நடந்ததைச் சொன்னேன். ஆயர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். நம் ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்ற வேண்டும். மில்லில் காலை ஷிப்ட் முடித்தவர்களும் வரலாம்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் கறிக்கொழம்பு சாப்புட்டுப்போட்டு எவனுங்க்கா எந்திரிச்சு வருவான்?" என்றார் தேவசகாயம்.

"நீங்க வருவீங்க தம்பி. செயலர் இல்லீங்களா" என்றேன்.

ஆயர் மெதுவாகச் சொன்னார், "எனக்குமே அது சௌகரியமுங்கம்மா. காலையில மூணு ஊருக்கு ஓடி ஓடி, பிரசங்கம் பண்றப்ப எந்த ஊர்ல இருக்கறேன்னே மறந்துபோவுது. ஒரு வாரம் பாக்கலாம். அவிய வராட்டி பழையபடி பிப்ரவரி முடிவுதான்."

ஒரு வாரம் கிடைத்திருக்கிறது. மில்லுக்குப் போன் செய்தேன். எலிஸ்பாவைக் கூப்பிட மாட்டார்களாம். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆள் சொன்னானோ என்னவோ.

டிசம்பர் 13, புதன்

இவருக்கு லேசாகச் சளி. தைலம் தடவினேன். வாட்ச்மேன் சொன்னானா என்று தெரியவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்தால் எங்கள் ஆலயம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. காலை ஆராதனைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. யாரும் இல்லை. தேவசகாயம் கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். ஆயர் அங்கி மாட்டிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டில் போய் நின்றுகொண்டேன். வாட்ச்மேனை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன், ஆலய வாசல் என்றும் பார்க்காமல்.

வளைவில் தலைகள் தெரிந்தன. ஈரத் தலைகள். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டுக் கிளம்பியதில் தாமதமாம். நான் கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனேன்.

"யேசு சகாய்" என்றேன்.

எலிஸ்பா என் கையைப் பார்த்தாள். தன் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். பஞ்சு மில்லில் நூல் முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பவுலுஸ், "தோத்திரம்" என்றான்.

வாசலில் தேவசகாயத்தை நிறுத்தி வைத்திருந்தேன். வாங்க என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்றிருந்தேன். மனுஷனுக்குத் தன் பதவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெஞ்சில் கை வைத்து, "நான்தானுங்க சபைச் செயலர். தேவசகாயம்" என்றார்.

கூட்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தேவ் சகாய்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். செயலரும் வணக்கம் சொல்கிறார், அதுவும் தங்கள் வழக்கப்படி என்று எடுத்துக்கொண்டு, அத்தனை கைகளும் அவர் முன்னால் நீண்டன. "யேசு சகாய், யேசு சகாய்." அவர் திருதிருவென்று விழித்தார். "அக்கா, எம் பேரத்தானுங்க சொன்னேன்" என்றார் என்னிடம். "அதேதான் தம்பி அவங்களும் சொல்றாங்க. கையைக் குடுங்க" என்றேன். கொடுத்தார். ஒரு கைக்கு அப்புறம் அடுத்தது, அதற்கப்புறம் அடுத்தது. கடைசிக் கை வருவதற்குள் தானாகவே "தேவசகாயம், தேவசகாயம்" என்று சொல்லிக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். தன் பேரை இத்தனை சந்தோஷமாக யாரும் கேட்டு அவர் பார்த்திருக்க மாட்டார்.

பரமண்டல ஜெபத்துக்கு முன் ஆயர் சொன்னார், அவரவர் பாஷையில் சொல்லலாம் என்று. எனக்குத் திக்கென்றது. இவருக்கு எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால்தானே வரும். இரண்டு பாஷை கலந்தால் வழி தவறிவிடாதா? தடுக்க நேரமில்லை. ஆரம்பித்தாயிற்று. அவர்கள் ஒரு வேகம், நாங்கள் ஒரு வேகம். சொற்கள் ஒன்றோடொன்று மோதின. நான் இவர் வாயையே பார்த்தேன். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. பின்னாலிருந்து பவுலுஸின் கனத்த குரல் வந்தது, என்ன பாஷையோ.

இவர் மூன்றாவது வரியில் ஏறிக்கொண்டார். தமிழில்தான். பழைய கீழ்க்குரலில், பின்னால் இருப்பவனோடு சரிக்குச் சரியாக. நாங்கள் முடித்தோம், அவர்கள் முடித்தார்கள், இவர் விட்ட இரண்டு வரிகளையும் திரும்ப எடுத்துச் சொல்லிவிட்டு, கடைசியாகத் தனியாக ஆமென் சொன்னார். ஆலயம் முழுக்கக் காத்திருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். எலிஸ்பா ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொண்டுவந்தாள். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டது. பெயர் 'அர்சா'வாம். நம் அதிரசமேதான், ஊர் மாறி வளர்ந்திருக்கிறது. நான் அந்தப் புதுச் சேலையைக் கொடுத்தேன், கிறிஸ்துமஸுக்கு அக்கா கொடுக்கிற சேலை என்று. பிரித்துப் பார்த்து, நிறம் கொஞ்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். அடிக்கத்தான் செய்கிறது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 7, ஞாயிறு

ஆயர் அறிவித்துவிட்டார். பிப்ரவரி மாற்றம் கிடையாது. வாரா வாரம் சாயங்காலம் இங்கே ஆராதனை உண்டு. எண்ணிக்கை பற்றி ஏதோ சொல்ல வந்தார். தேவசகாயம் எழுந்து, "ஆயரய்யா, அவிய எல்லாம் நம்ம சபை ஆளுங்கதானுங்க, ஒறம்பரை இல்லீங்க" என்றார். இதைச் சொன்னவரே முன்பு என்ன சொன்னார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. நான் ரொம்ப மாறிவிட்டேன்.

வெளியே வந்து வழக்கம்போல நாற்காலியைப் பிடிக்கப் போனேன். பவுலுஸ் ஏற்கெனவே பிடித்திருந்தான். "அக்கா நடங்க" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். கையை என்ன செய்வதென்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் வீசிக்கொண்டு நடந்தேன்.

நாற்காலியைத் தள்ளுகிறவளுக்கு உச்சந்தலைதான் தெரியும். இந்த இரண்டு வருஷமும் நான் இவருடைய உச்சந்தலையோடும், ரோட்டுப் பள்ளங்களோடும்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்று பக்கத்தில் நடந்ததால் முகத்தைப் பார்த்தேன். டீக்கடை வந்ததும் மாஸ்டர் டபராவை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். இவரும் இடக்கையைத் தூக்கி, புருவத்தை உயர்த்திச் சிரித்தார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். இவர் தலையாட்டினார். சைக்கிளில் போன ஒரு பெண் மணியடித்தாள், அவளுக்கும் ஒரு சிரிப்பு. யாருக்கும் இது புதிதாகத் தெரியவில்லை.

டீக்கடைக்குத் திரும்பிப் போய் மாஸ்டரைக் கேட்டேன், எப்போதிருந்து இப்படி என்று.

"அண்ணன் எப்பவும் இப்படித்தானுங்களே அக்கா" என்றார். "நீங்கதான் குனிஞ்சுகிட்டே போவீங்க."

ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். மிச்ச வழி முழுக்க இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.